பிக்கப் வண்டிக்கு மாற்று டயர்: கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது விடிவதற்கு முன்பே தோட்டத்துப் பாதைகளில் வண்டி விளக்குகள் தெரியத் தொடங்கிவிடும். திராட்சை, வாழை, தேங்காய், தக்காளி, பீட்ரூட் என்று எதுவானாலும் முதல் ஏலத்திற்கு முன் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் நல்ல விலை. முன்பு இந்தச் சுமையை மாட்டு வண்டி சுமந்தது. பிறகு லாரி வந்தது. இப்போது சிறு விவசாயியும் தனியாகவோ, அண்ணன் தம்பியுடன் கூட்டாகவோ ஒரு சிறிய பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். சொந்த விளைச்சல் இல்லாத நாட்களில் பக்கத்துத் தோட்டத்துச் சரக்கை வாடகைக்கு ஏற்றுகிறார். வண்டி ஓடினால்தான் கடன் தவணை கட்ட முடியும்.

அந்த வண்டியில் அடிக்கடி செலவு வைப்பது டயர். வாங்கும்போது வண்டியோடு வந்த டயர் தேய்ந்து முடிந்ததும், அடுத்து எந்த டயர் போடுவது என்ற கேள்வி எழுகிறது. பெரும்பாலோர் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, "எது விலை குறைவு?" என்பதுதான். அதைக் காட்டிலும், "என் வண்டிக்கும், என் சுமைக்கும், நான் போகும் பாதைக்கும் எது பொருந்தும்?" என்று கேட்பதே லாபம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். இன்றைய வண்டிக்கு டயரும் ஓர் அச்சாணியே.

பாதை எப்படிப்பட்டது?

தேனி மாவட்டத்துப் பாதைகள் மற்ற இடங்களைப் போன்றவை அல்ல. தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வரை சமவெளி. லோயர் கேம்ப்பைத் தாண்டியதும் குமுளி மலைப்பாதை தொடங்குகிறது. திண்டுக்கல்லையும் கேரளத்தின் கோட்டயத்தையும் இணைக்கும் 183-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இதுதான். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு இன்னொரு மலைப்பாதை ஏறுகிறது. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு செல்லும் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

ஆகவே இங்குள்ள ஒரு பிக்கப் வண்டி ஒரே நாளில் மூன்று வகைப் பாதையைச் சந்திக்கிறது. தோட்டத்துக்குள் சேறும் கல்லும். ஊருக்கு ஊர் தார்ச்சாலை. பிறகு ஏற்றமும் இறக்கமும் வளைவுமான மலை. வளைவில் திரும்பும்போது டயரின் ஓரங்கள் உரசித் தேய்கின்றன. ஏற்றத்தில் பின் டயர் முழுச் சுமையையும் தள்ளுகிறது. இறக்கத்தில் பிரேக் சூடு சக்கரத்தின் வழியாக டயருக்கு ஏறுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மலைக்கு மேலே சாலை நனைந்தே கிடக்கும். சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிக்குப் போதுமான டயர் இங்கே போதாது.

சரக்கும் அப்படித்தான். 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை குலுக்கலைத் தாங்காது. குலுங்கினால் காம்பிலிருந்து பழம் உதிரும். ஒரு பழம் கசங்கிச் சாறு விட்டால் பக்கத்துப் பழங்களையும் கெடுத்துவிடும். நடுவழியில் டயர் வெடித்து, வெயிலில் இரண்டு மணி நேரம் வண்டி நின்றால், டயரில் மிச்சம் பிடித்த பணம் ஒரே நடையில் போய்விடும். இறக்கத்து வளைவில் வெடித்தால் போவது பணம் மட்டுமல்ல.

மாற்றும் நேரம் எப்போது?

டயரின் பட்டன்களுக்கு இடையே உள்ள காடிகளின் அடியில், குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவை 1.6 மில்லி மீட்டர் உயரம் உள்ளவை. அவை எங்கே இருக்கின்றன என்பதைக் காட்ட, டயரின் பக்கச் சுவரில் சிறு முக்கோணக் குறியோ, டி.டபிள்யூ.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளோ இருக்கும். பட்டன் தேய்ந்து இந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். மலைப்பாதையில் மழைக்காலத்தில் ஓடும் வண்டிக்கு அதுவரை காத்திருப்பதும் நல்லதல்ல. மேட்டை நெருங்கும்போதே மாற்றிவிட வேண்டும். காடியின் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. காடி ஆழம் குறைந்தால் டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் தங்கி, பிரேக் பிடித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும்.

பட்டன் நிறைய இருந்தாலும் மாற்ற வேண்டிய நேரங்கள் உண்டு. பக்கச் சுவரில் புடைப்புத் தெரிந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அறியலாம். நூல் வெளியே தெரியும்படி வெட்டுப்பட்ட டயரும், ரப்பர் வெடித்துப் பாளம் பாளமாகப் பிளந்த டயரும் உடனே கழற்றப்பட வேண்டியவை. பக்கச் சுவரில் ஏற்பட்ட வெட்டுக்குப் பஞ்சர் ஒட்டி ஓட்டுவது ஆபத்து. ஒட்டு என்பது பட்டன் பகுதியில் ஆணி குத்திய சிறு துளைக்கு மட்டுமே.

பழைய டயர் சொல்லும் செய்தி

புது டயர் வாங்குவதற்கு முன் பழைய டயரை நன்றாகப் பார்க்க வேண்டும். அது எப்படித் தேய்ந்திருக்கிறது என்பதில் வண்டியின் நோய் தெரியும்.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன் மிச்சமிருந்தால், காற்று குறைவாக வைத்து ஓட்டியிருக்கிறார்கள் அல்லது அதிகப் பாரம் ஏற்றியிருக்கிறார்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரங்களின் நேர்ப்பாடு, அதாவது வீல் அலைன்மென்ட், கெட்டிருக்கிறது. இடைவெளி விட்டுக் குழி குழியாகத் தேய்ந்தால் அதிர்வு தாங்கியையோ, சக்கரத்தின் சமநிலையையோ சரிபார்க்க வேண்டும். இந்தக் குறையைச் சரிசெய்யாமல் புது டயரை மாட்டினால், புது டயரும் அதே விதமாகத் தேயும். களை எடுக்காமல் உரம் போடுவது போன்ற வேலை அது.

பக்கச் சுவர் எழுத்துகள்

கட்டை வண்டிக் காலத்து விவசாயிக்கு ஆரக்கால், குடம், இரும்புப் பட்டை எல்லாம் தெரியும். பட்டை தளர்ந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். இன்றைய விவசாயி டயரின் பக்கச் சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கப் பழக வேண்டும். அது கடினமல்ல.

டாட்டா ஏஸ் போன்ற சின்ன வண்டிகளின் டயரில் 145 ஆர் 12 எல்.டி. 8 பி.ஆர். என்று இருக்கும். இதில் 145 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். ஆர் என்றால் ரேடியல் வகை. 12 என்பது சக்கர வட்டின் விட்டம், அங்குலத்தில். எல்.டி. என்பது இலகு ரகச் சரக்கு வண்டிக்கான டயர் என்பதைக் குறிக்கும். 8 பி.ஆர். என்பது டயரின் பலத்தைக் காட்டும் அளவு. உள்ளே எட்டு அடுக்கு இருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. எட்டு அடுக்கு நூல் டயருக்குச் சமமான பலம் என்பதே பொருள். பெரிய பிக்கப் வண்டிகளுக்கு அளவுகள் வேறு. வண்டியோடு வந்த கையேட்டிலும், வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டிலும் உரிய அளவு இருக்கும். அதே அளவைத்தான் வாங்க வேண்டும். பார்வைக்குக் கம்பீரமாக இருக்கிறது என்று அகலமான டயரைப் போட்டால் மட்கார்டில் உரசும், ஸ்டியரிங் கனக்கும், வேகமானியும் தவறாகக் காட்டும்.

அளவு ஒன்றாக இருந்து பலம் குறைந்தால் அதுவும் தவறு. 8 பி.ஆர். இருந்த இடத்தில் 6 பி.ஆர். போடக் கூடாது. அதேபோல், அளவு பொருந்துகிறது என்று கார் டயரைச் சரக்கு வண்டிக்கு மாட்டவே கூடாது.

அளவை அடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண் சுமைக் குறியீடு. 86 என்றால் ஒரு டயர் 530 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ. 112 என்றால் 1,120 கிலோ. 86/84 என்பது போல இரண்டு எண்கள் இருந்தால், முதல் எண் ஒற்றைச் சக்கரத்திற்கு, இரண்டாவது இரட்டைச் சக்கரத்திற்கு. எழுத்து வேகத்தின் எல்லையைக் குறிக்கும். எல் என்றால் மணிக்கு 120 கிலோ மீட்டர், என் என்றால் 140, பி என்றால் 150.

இந்திய தர முத்திரையான ஐ.எஸ்.ஐ. குறி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சரக்கு வண்டி டயருக்கான தர எண் ஐ.எஸ். 15636.

எந்த வாரம் செய்த டயர்?

விதை வாங்கும்போது காலாவதித் தேதி பார்க்கும் விவசாயி, டயர் வாங்கும்போது தயாரிப்புத் தேதி பார்ப்பதில்லை. டயரின் பக்கச் சுவரில், ஒரு சிறு கட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது.

ரப்பர் வைத்திருந்தாலே முதிரும் பொருள். வெயிலும் சூடும் பட்டால் இன்னும் சீக்கிரம் இறுகி வெடிப்பு விடும். எனவே தயாரித்து ஓராண்டுக்குள் உள்ள டயராகக் கேட்டு வாங்குவது நலம். ஐந்து ஆண்டு கடந்த டயரை, பட்டன் இருந்தாலும், ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும். வண்டியின் அடியில் தொங்கும் ஸ்டெப்னியைப் பலர் ஆண்டுக்கணக்கில் தொடுவதே இல்லை. மலையில் தேவைப்படும் நாளில் அதில் காற்று இருக்காது.

ரேடியலா, நைலானா?

நைலான் டயரில் நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். பக்கச் சுவர் தடிமனானது. கல்லும் முள்ளும் நிறைந்த பாதையில் அடி தாங்கும். விலையும் குறைவு. ஆனால் ஓடும்போது சூடு அதிகமாகும், சீக்கிரம் தேயும்.

ரேடியல் டயரில் நூல்கள் ஓரத்திலிருந்து ஓரத்திற்கு நேராகச் செல்லும். பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை இருக்கும். சாலையில் நன்றாகப் படியும், சூடு குறைவு, டீசல் செலவும் குறையும், அதிக தூரம் உழைக்கும். குலுக்கலும் குறைவாக இருப்பதால் திராட்சைக்கும் தக்காளிக்கும் ஏற்றது. பக்கச் சுவர் மெல்லியது என்பதால் கூரான கல்லில் உரசாமல் ஓட்ட வேண்டும். தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு ரேடியலே ஏற்றது.

ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் நைலானும் போடுவது கூடவே கூடாது. நான்கும் ஒரே வகையாக இருப்பதே சரி. தவிர்க்க முடியாமல் இரண்டும் கலந்தால், ரேடியல் இரண்டும் பின்னால் இருக்க வேண்டும்.

பட்டன் அமைப்பு

நீளவாக்கில் காடி உள்ள டயரை 'ரிப்' என்பார்கள். திருப்புவதற்கு இலகு, சூடு குறைவு, தார்ச்சாலைக்கு ஏற்றது. குறுக்கே கட்டை கட்டையாக உள்ளது 'லக்'. சேற்றில் பிடிப்பு அதிகம். ஆனால் தார்ச்சாலையில் இரைச்சலும் சூடும் அதிகம். இரண்டும் கலந்த அமைப்பும் கிடைக்கிறது.

இதில் முடிவு செய்ய எளிய வழி, ஒரு வாரம் வண்டி ஓடும் தூரத்தைக் குறித்து வைப்பது. நூறு கிலோ மீட்டரில் தோட்டப் பாதை ஐந்து கிலோ மீட்டர்தான் என்றால் முழு லக் டயர் வேண்டியதில்லை. மழை நாளில் அந்த ஐந்து கிலோ மீட்டரை வாய்க்கால் கரை வரை டிராக்டரில் கொண்டுவந்து மாற்றி ஏற்றுவதே மலிவு. முல்லைப் பெரியாற்றுப் பாசனத் தோட்டங்களுக்குள் தினமும் இறங்கி ஏறும் வண்டிக்கு, முன்னால் ரிப், பின்னால் கலப்பு அமைப்பு என்பது பொருத்தமானது.

டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினாலும் காற்று மெதுவாகவே இறங்கும். அருகிலுள்ள பஞ்சர் கடை வரை போய்விடலாம். ஆனால் அதற்கு உரிய சக்கர வட்டு வேண்டும். வட்டின் ஓரம் நெளிந்திருந்தால் காற்று நிற்காது. டியூப் உள்ள டயருக்குப் புது டயரோடு புது டியூபும் போட வேண்டும். பழைய டியூப் ஓடி ஓடி நீண்டிருக்கும். புது டயருக்குள் அது மடிந்து, மடிப்பில் அறுந்துவிடும்.

ரீட்ரேட் டயர் போடலாமா?

தேய்ந்த டயருக்குப் புது பட்டன் கட்டுவது தவறான தொழில் அல்ல. டயரின் உடல் கெடாமல் இருந்து, நல்ல பட்டறையில் செய்தால் அது உழைக்கும். ஆனால் அதை முன் சக்கரத்தில் போடக் கூடாது. முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையை மீறிப் போய்விடும். மலைப்பாதையில் முழுச் சுமையுடன் ஓடும் சிறு வண்டிக்கு ரீட்ரேட்டைத் தவிர்ப்பதே உத்தமம்.

பழைய டயர் வியாபாரத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். தேய்ந்த டயரில் கத்தியால் மீண்டும் காடி வெட்டி, கறுப்புச் சாயம் பூசிப் புதிது போலக் காட்டுவது உண்டு. காடியின் அடியில் இருக்க வேண்டிய குறுக்கு மேடுகள் காணாமல் போயிருந்தால் சந்தேகப்பட வேண்டும். டயரின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒட்டுப் போட்ட இடமும் சுருக்கமும் அங்கே தெரிந்துவிடும்.

விலைக் கணக்கைக் கிலோ மீட்டருக்குப் போட்டுப் பார்ப்பதே சரியான முறை. கணக்குக்காக, ஒரு புது டயர் 5,000 ரூபாய், 50,000 கிலோ மீட்டர் ஓடுகிறது என்று கொண்டால் கிலோ மீட்டருக்கு 10 பைசா. இன்னொன்று 2,000 ரூபாய், 16,000 கிலோ மீட்டர் ஓடுகிறது என்றால் கிலோ மீட்டருக்கு பன்னிரண்டரைப் பைசா. விலை குறைந்த டயரே செலவு கூடிய டயர் ஆகிவிடுகிறது. பஞ்சர் செலவும், வண்டி நின்ற நாள் கூலியும் இதில் சேரவில்லை.

இரண்டு மட்டும் வாங்கினால்?

நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றப் பணம் இல்லாதவர்கள் ஒரே அச்சுக்கு இரண்டாக மாற்ற வேண்டும். ஒற்றை டயரை மட்டும் மாற்றுவது வண்டியை ஒரு பக்கம் இழுக்கச் செய்யும். புது டயர் இரண்டையும் முன்னால் போடுவதே வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஈரச் சாலையில் பின் சக்கரம் வழுக்கினால் வண்டி குறுக்கே சுழன்றுவிடும் என்பதால், பட்டன் அதிகமுள்ள டயரைப் பின்னால் போடச் சொல்லுகிறார்கள் டயர் தயாரிப்பாளர்கள். அப்படிச் செய்யும்போது முன்னால் வரும் பழைய டயரில் வெட்டு, புடைப்பு, பெரிய ஒட்டு எதுவும் இருக்கக் கூடாது, பட்டனும் போதுமான அளவு இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வண்டிக்கே தகுதியற்ற டயர். கடனோ உடனோ நான்கையும் மாற்றுவதுதான் வழி.

பாரமும் காற்றும்

எவ்வளவு நல்ல டயரும் அதிகப் பாரத்தில் தோற்றுப்போகும். பின் அச்சில் 86 குறியீடுள்ள டயர் இரண்டு இருந்தால் அவை தாங்குவது 1,060 கிலோ. இதில் வண்டியின் பின்பகுதி எடையும் அடக்கம். தொட்டியில் இடமிருக்கிறது என்று வாழைத்தாரை அடுக்கிக்கொண்டே போனால் டயர் கணக்குத் தெரியாமல் போய்விடும். மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் அன்றே எச்சரித்திருக்கிறார். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவு, அதிகப் பாரத்திற்கு 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் விதிக்கிறது. பல நடை வாடகை ஒரே நாளில் போய்விடும்.

காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். ஓடிய டயரில் சூட்டினால் காற்றழுத்தம் கூடிக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால், ஆறியபின் அளவு குறைந்துவிடும். வெற்று வண்டிக்கும் சுமை வண்டிக்கும் உரிய அளவு தகட்டில் தனித்தனியாக இருந்தால் அதன்படி வைக்க வேண்டும். காற்று குறைந்த டயர் ஓடும்போது பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறுகிறது. அது வெடிப்புக்கு முக்கியக் காரணம். வால்வு மூடி சிறியதுதான். ஆனால் அது இல்லாவிட்டால் மண் புகுந்து காற்று கசியும்.

மலை இறக்கத்தில், ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய ஓட்டுநர்கள் சொல்லித் தந்த பாடம். எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டால் பிரேக் சூடு குறையும், டயரும் பிழைக்கும்.

மாட்டிய பிறகு

புது டயர் மாட்டியவுடன் சக்கரச் சமநிலையும் நேர்ப்பாடும் பார்த்துவிட வேண்டும். 50 முதல் 100 கிலோ மீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். புது டயரின் மேல்பூச்சு போகும்வரை, முதல் 300 கிலோ மீட்டருக்கு நிதானமாக ஓட்டுவது நல்லது. 8,000 முதல் 10,000 கிலோ மீட்டருக்கு ஒருமுறை முன் பின் இடம் மாற்றினால் எல்லாம் சீராகத் தேயும். முன்னும் பின்னும் வெவ்வேறு பட்டன் அமைப்பு போட்டிருப்பவர்கள் அந்தந்த அச்சுக்குள்ளேயே இட வல மாற்றம் செய்யலாம். சுழலும் திசை அம்புக்குறியிட்ட டயரானால் அதுவும் கூடாது. டீசல், கிரீஸ், எஞ்சின் எண்ணெய் ஆகியவை ரப்பரைக் கெடுக்கும். ஷெட்டில் அவை சிந்திய தரையில் வண்டியை நிறுத்தக் கூடாது.

ரசீது வாங்காமல் டயர் வாங்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் டயர் மீதான சரக்கு சேவை வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ரசீதில் வரி எவ்வளவு போடப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். டயரின் வரிசை எண்ணையும் ரசீதில் எழுதி வாங்குவது நலம். தயாரிப்புக் குறையால் டயர் கெட்டால் உத்தரவாதம் கோர அந்த எண்ணே ஆதாரம். நியாயம் கிடைக்காதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையும் அணுகலாம்.

கழற்றிய பழைய டயரைத் தோட்டத்து மூலையில் போட்டுவைத்தால், மழைநீர் தேங்கி டெங்கு பரப்பும் கொசு அதில் முட்டையிடும். எரித்தால் நச்சுப் புகை. கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்வதுதான் நல்லது.

மேற்குமலையில் மழை தொடங்குவது ஜூன் மாதம். வைகாசி முடிவதற்குள் நான்கு டயரையும் ஸ்டெப்னியையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட வேண்டும். ஆண்டு முழுவதும் பாடுபட்டு விளைவித்த சரக்கு, வீட்டிலிருந்து சந்தை வரை நான்கு டயரை நம்பியே போகிறது. சரக்கோடு வண்டியில் போகிறவர்களும் அந்த நான்கு டயரை நம்பியே வீடு திரும்புகிறார்கள்.